வீட்டுக்கு வாற பலசரக்குச் சாமான் மாறி வந்தா: கிளிநொச்சிப் பக்கம் கனகாலமாப் பாவிச்ச அனுபவம்

2020 மார்ச்சில ஊரடங்கு போட்ட நேரம்தான் எங்கட பக்கம் கடைக்காரர் வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து தாறது வடிவாத் தொடங்கினது, அதுக்குப் பிறகு நாங்கள் அதை விடேல்ல. உருத்திரபுரம் பத்தாம் வாய்க்கால் பக்கம் இருந்து ரவுனுக்குப் போய் அரிசி, மா, எண்ணெய் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வாறதெண்டா, வயசான அம்மாவைத் தனிய விட்டிட்டு எனக்கு ஏலாது. வட்ஸ்அப்பில லிஸ்ட் போட்டா பின்னேரம் வந்திடும், கையில காசைக் குடுக்கலாம். பெரிய உதவி அது. ஆனா சாமான் மாறி வாறது இண்டைக்கும் இருக்கு, அதை எப்பிடிப் பிடிக்கிறது, எப்பிடித் திருத்துறது எண்டு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன்.

எங்களுக்கு வேற ஆக்களின்ர பாக் வந்திருக்கெண்டா எங்கட பாக் பெரும்பாலும் அந்த ஆக்களின்ர வீட்டில இருக்கும். கனபேர் இதை யோசிக்கிறேல்ல, "சரி, அடுத்தமுறை கழிப்பம்" எண்டு விட்டிடினம். ஒருக்கா எங்கட பாக்குக்குள்ள குழந்தைப் பிள்ளையளின்ர பால்மாப் பெட்டி ஒண்டு கிடந்தது. 6 மாசத்துக்குக் கீழ உள்ள பிள்ளைக்குக் குடுக்கிறது 1ஆம் நம்பர் மா, அதுக்குப் பிறகு 2ஆம் நம்பர், பெட்டியளைப் பாத்தா ஒண்டு மாதிரித்தான் இருக்கும். எங்களிட்ட வந்தது 1. அப்ப எங்கயோ ஒரு வீட்டில ஒரு கைக்குழந்தைக்குப் பால் கரைக்க மா இல்லாம இருக்கினம். உடன கடைக்குக் கோல் எடுத்தன். எங்கட பாக் ஏ9 ரோட்டுக்கு அங்கால வட்டக்கச்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, கடைக்காரர் சாமான் கொண்டுபோற பெடியனை வழியில மறிச்சுத் திருப்பினவர், ரெண்டு வீட்டுக்கும் அண்டைக்கே சரியாப் போய்ச் சேர்ந்திட்டுது. அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா அந்தப் பாக்கை அந்த வீட்டில பிரிச்சிருப்பினம். அதால மாறி வந்ததைக் கண்டா உடன சொல்லுங்கோ, வந்த பாக்கில ஒண்டையும் எடுத்துப் பாவிக்காதேங்கோ.

ஏன் மாறுது எண்டு பாத்தா, எங்கட பக்கம் வீட்டு நம்பரைச் சொல்லி வீடு கண்டுபிடிக்கேலாது, கோயிலடி, வாய்க்கால் பாலத்தடி எண்டுதான் அடையாளம் சொல்லுறது, ஒரே பேரில ஒரு வட்டாரத்தில மூண்டு நாலு பேர் இருப்பினம், பாக்கில பேரை மட்டும் எழுதினா எப்பிடிச் சரியாப் போகும். 2022 இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட் காட்டித்தான் பெற்றோல் அடிக்கலாம் எண்டு வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு குடுத்த காலத்தில பெடியன் பாவம் கனவீட்டுச் சாமானை ஒண்டாக் கட்டிக்கொண்டு ஒரே ஓட்டமா வந்தவன், அப்பதான் மாறுறது கூடினது. அதுக்குப் பிறகு நாங்கள் கேட்டு, இப்ப கடையில ஃபோன் நம்பரின்ர கடைசி 4 இலக்கத்தை மார்க்கரால பாக்கில பெரிசா எழுதி, லிஸ்டையும் அதோட பின் பண்ணி விடினம். பெடியன் வாசல்ல நிண்டு "அக்கா, கடைசி நாலு நம்பர் சொல்லுங்கோ" எண்டு கேட்டிட்டுத்தான் பாக்கை இறக்குவான். முழு பாக்கா மாறுறது நல்லாக் குறைஞ்சு போச்சு.

குறையாதது பாக்குக்குள்ள மாறுறது. அதிலயும் மா. அவிச்ச கோதுமை மா, பச்சைக் கோதுமை மா, வறுத்த வெள்ளை அரிசி மா, எல்லாத்தையும் கடையில நிறுத்து வெறும் பொலித்தீன் பையில கட்டி விடுறது, லேபிள் கிடையாது. அவிச்ச மாவெண்டு நினைச்சுப் பச்சை மாவில புட்டுக் குழைச்சா களியாகிப் போகும், சாமானும் வீண், பசியோட இருக்கிற ஆக்களுக்கும் வேற வழியில்லை. பையை விரலால நசுக்கிப் பாருங்கோ, பச்சைக் கோதுமை மா வழவழப்பா இருக்கும், அவிச்சது கொஞ்சம் சொரசொரப்பா, வாசமும் வேற, வறுத்த அரிசி மாவை மணத்திலயே பிடிக்கலாம். மிளகாய்த்தூளும் அப்பிடித்தான், வறுத்து அரைச்ச கறித்தூளும் தனி மிளகாய்த்தூளும் பையோட பாக்க ஒரே நிறமாத் தெரியும், மணந்து பாத்துத்தான் வாங்கவேணும். "தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ" எண்டு சொல்லி இந்தப் பையளை மட்டுமாவது பெடியன் நிக்கேக்கயே பாத்திடுறனான். சோப், பிஸ்கற் பிறகும் பாக்கலாம்.

மற்றது, சாமான் இல்லாட்டி கடைக்காரர் தாங்களே வேற ஒண்டைப் போட்டு விடுவினம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதால லிஸ்டுக்குக் கீழ "இல்லாட்டி வேற போடவேண்டாம், கேட்டிட்டுப் போடுங்கோ" எண்டு ஒவ்வொருமுறையும் எழுதுறன். வொய்ஸ் மெசேஜில ஓடர் குடுக்கிறதையும் விட்டிட்டன், எழுதின லிஸ்ட் இருந்தா பிறகு வாக்குவாதம் இல்லை.

கொழும்பில இருந்து கூரியரில வாற பார்சல் வேற கதை. காசைக் குடுக்காம உடைச்சுப் பாக்க விடமாட்டினம். நான் உடைக்கேக்க மேல ஒட்டின லேபிள் தெரியிற மாதிரி வெட்டாம வீடியோ எடுக்கிறனான், சாமானின்ர பார்கோட் நம்பரையும் படம் எடுத்து வித்த ஆக்களுக்கு அனுப்புறது, ஏனெண்டா ஒரே பேரில அளவு மட்டும் வேறயா வாற சாமானுக்கு அந்த நம்பர்தான் வித்தியாசம். அம்மாவுக்கெண்டு எடுத்த சத்துமா இப்பிடி மாறி வந்து, முதல்ல ஒத்துக்கொள்ளாத ஆக்கள் வீடியோவை அனுப்பினாப் பிறகுதான் காசைத் திருப்பித் தந்தவை.

ஒருத்தரும் கேக்காட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பரில கோல் எடுக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில, சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கவேணும். 2003ஆம் ஆண்டின்ர 9ஆம் இலக்கச் சட்டப்படி கேட்டா கடைக்காரர் பில் தரத்தான் வேணும், அதால சின்னக் கடையெண்டு பாக்காம பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கோ. நான் இன்னும் அந்த அளவுக்குப் போகேல்ல, எங்கட கடைக்காரர் சொன்னா மாத்தித் தாற ஆள். மாப் பையளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லித்தான் இப்ப அவரைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன், தைப்பொங்கலுக்கு முதல் செய்யிறன் எண்டவர்.