ரிக்வெஸ்ட்ஸ்-கேஷ்: படிக்க அருமை, எழுதினால் கவனம்

ஸ்கிரிப்ட் ஒரு டாஸ்க்கை 'முடிந்தது' என்று மாற்றுகிறது. சர்வரும் சரி என்கிறது. அடுத்த வரியிலேயே அதே டாஸ்க்கைப் படித்தால் பழைய நிலைதான் வருகிறது. ப்ராஜெக்ட் டிராக்கர்களை பைதானில் இயக்கும் வேலைக்கு ரிக்வெஸ்ட்ஸ்-கேஷ் நூலகத்தை நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். சர்வர் தரும் பதிலைக் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்து, அடுத்த முறை அங்கிருந்தே கொடுப்பது இதன் வேலை. பழைய நிலை வருவதும் அதனால்தான். இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு கையாண்டால் இதைவிட வசதியான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

சர்வரோடு பேசும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் சாதாரண செஷன் இருந்த இடத்தில் கேஷ்டுசெஷன் என்று எழுதினால் போதும், பதில்கள் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் சேரத் தொடங்கிவிடும். நூற்றுக்கணக்கான டாஸ்க்குகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் அறிக்கை ஸ்கிரிப்டுகளுக்கு இது வரம். சர்வரின் ரேட் லிமிட்டில், அதாவது இவ்வளவு நேரத்தில் இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பில், சிக்கும் வாய்ப்பும் குறையும்.

ஆனால் காலாவதி நேரம் எதுவும் கொடுக்காவிட்டால், சேமித்த பதில் காலாவதியே ஆகாது. சரி, ஐந்து நிமிடம் என்று வைத்தால் தீர்ந்துவிடுமா? தீராது. மாற்றத்தைச் செய்வதே நம் ஸ்கிரிப்ட்தான். நாம் எழுதிய அந்த நொடியிலேயே கேஷில் இருப்பது பழசாகிவிடுகிறது, ஐந்து நிமிடம் காத்திருந்து அல்ல.

அந்த டாஸ்க்கின் முகவரியை மட்டும் கேஷிலிருந்து நீக்குவதும் போதாது. ஃபீல்டுகளைக் குறிப்பிட்டுக் கேட்ட பதில் தனிப் பதிவாக இருக்கும். அந்த டாஸ்க் இடம்பெற்ற பட்டியல் பக்கம் இன்னொரு பதிவாக இருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, முதலில் படிப்பதையெல்லாம் படித்து, பிறகு எழுதுவதையெல்லாம் எழுதி, உடனே மொத்தக் கேஷையும் கிளியர் செய்வதே என் வழி. ஒரே ஒரு டாஸ்க்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால் கேஷைத் தாண்டி சர்வரிடமே கேட்கும் ஃபோர்ஸ் ரெஃப்ரெஷ் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பதிலின் ஃப்ரம்_கேஷ் மதிப்பைப் பாருங்கள், பதில் கேஷிலிருந்து வந்ததா, சர்வரிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடும். அது False (கேஷிலிருந்து வரவில்லை) என்று வந்தும் தகவல் பழசாகவே இருந்தால், நூலகத்தின் மேல் தப்பில்லை. டிராக்கரின் தேடல் இண்டெக்ஸ் இன்னும் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். அப்போது தேடலை விட்டுவிட்டு டாஸ்க்கை அதன் ஐடி வைத்து நேரடியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இயல்பான அமைப்பில், கோரிக்கையோடு போகும் கூடுதல் விவரங்களான ஹெடர்களைப் பார்த்து இந்த நூலகம் பதில்களைப் பிரிப்பதில்லை. கேட்பது யார் என்று காட்டும் ஆத்தரைசேஷன் டோக்கனும் கணக்கில் வராது. இரண்டு பயனர்களின் டோக்கன்களை ஒரே கேஷில் ஓட்டினால், ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டிய டாஸ்க் மற்றவருக்கும் போய்விடும். பயனருக்கு ஒரு கேஷ் கோப்பு என்று பிரித்து வைத்துவிடுங்கள்.

இன்ஸ்டால்_கேஷ் என்ற குறுக்கு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது நிரலில் இருக்கும் எல்லா ரிக்வெஸ்ட்ஸ் அழைப்புகளையும் பிடித்துக்கொள்ளும். நாம் தொடாத வேறொரு நூலகம் செய்யும் அழைப்பும் அதில் மாட்டும். பிழை வந்தால் காலாவதியான பதிலையே கொடுக்கும் ஸ்டேல்-இஃப்-எரர் வசதியிலும் கவனம் வேண்டும், அறிக்கைக்கு நல்லது, மாற்றம் செய்யும் ஸ்கிரிப்டுக்கு ஆபத்து. சர்வர் விழுந்துகிடக்கும்போதும் பழைய பதிலைக் கொடுத்து வேலையைத் தொடர வைத்துவிடும்.

பதிலோடு ஈடேக் (அதன் பதிப்பைக் காட்டும் அடையாளம்) அனுப்பும் டிராக்கர் என்றால் ஆல்வேஸ்_ரீவேலிடேட்டை இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்கும், மாற்றம் இல்லையென்றால் 'மாறவில்லை' என்று சொல்லும் 304 குறியீடு மட்டும் வரும். வேகம் கொஞ்சம் குறையும். எழுதவும் செய்யும் ஸ்கிரிப்டுகளுக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.