13 அடி ஃபைபர் ட்ரெய்லர்: வாங்கலாமா, வைத்துக் கட்டிக்காக்க முடியுமா?

எங்கள் வீட்டு வாசலில் டொயோட்டா சியன்னா வேனுக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை முட்டையை, அதாவது வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய் உள்ளே படுத்துத் தூங்கும் சின்ன ஃபைபர் ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு, மினியாபொலிஸ் தமிழ் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு ஆகிற செலவுல ஓட்டல்லயே தங்கிடலாமே?" தங்கலாம். கணக்குப் போட்டால் அதுதான் லாபமும்கூட. ஆனாலும் நான் இதை விற்கிறதாக இல்லை. காரணத்தையும், வாங்க நினைப்பவர்கள் எதைத் தட்டி, எதை முகர்ந்து, எங்கே குனிந்து பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

வண்டி 1990களில் செய்தது. பல கை மாறி எங்களிடம் வந்தது. யார் தயாரிப்பு என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களின் கைங்கரியம், மீதி இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொது. இந்த ட்ரெய்லர் குடும்பத்தின் மூத்த பிள்ளை பிறந்தது கனடாவில். ஃபைபர் கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்த ரே ஒலெக்கோ என்பவர், 1968இல் வினிபெக்கில் அதே பொருளில் 13 அடி ட்ரெய்லர் ஒன்றைச் செய்தார். அதுதான் போலர். (இந்தப் பூர்வீகத்தை என் மாமியாரிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் அதற்குள் படுத்துத் தூங்கியிருக்கிறார்.) 1970களில் எங்கள் மினசோட்டாவிலேயே, வடக்கே பேக்கஸ் என்ற சிற்றூரில் ஸ்கேம்ப் வந்தது. பிறகு டெக்சஸில் காசிட்டா. இவை இரண்டும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. போலரும் ஒன்டாரியோவின் பழைய டிரில்லியமும் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும்.

அமைப்பு ரொம்ப எளிது. மேல் பாதி ஒரு வார்ப்பு, கீழ்ப் பாதி ஒரு வார்ப்பு. இரண்டையும் இடுப்பில் சேர்த்து, உள்பக்கம் ஃபைபர் ஒட்டி, வெளியே ஒரு பட்டை ஒட்டிவிடுவார்கள். கூரையில் மூட்டே கிடையாது. இங்கே விற்கும் சாதாரண ட்ரெய்லர்கள் பெரும்பாலும் மரச்சட்டம் கட்டி, மேலே அலுமினியத் தகடோ மெல்லிய ஷீட்டோ போர்த்தியவை. கூரைக்கு ரப்பர் விரிப்பு, மூலைக்கு மூலை இணைப்பு. அதில் ஓர் இடத்தில் ஸீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வெடித்தால் போதும், மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிடும். மரம் இற்றுப்போன பிறகுதான் வெளியே தெரியும். அப்படி பத்துப் பன்னிரண்டு வருஷத்திலேயே காயலான் கடைக்குப் போன பெரிய பெரிய வண்டிகள் உண்டு. 1970களில் வார்த்த முட்டைகளோ இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஃபைபர் எனக்குப் புதிதில்லை. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் என் சித்தப்பா ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கிறவர். சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்து இறங்கிய காலத்திலிருந்து அவருக்கு அதுதான் பிழைப்பு. காலேஜ் லீவில் போகும்போதெல்லாம் ரெசின் (ஃபைபரை இறுக்கும் பசை) நெடியில் உட்கார்ந்து அவர் மேட் (ஃபைபர் விரிப்பு) வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் வண்டி பார்க்கப் போன இடத்திலிருந்தே அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

"பாப்பா, உள்ளங்கையால தட்டாத, விரல் முட்டியால தட்டு. டொக்குன்னு கேட்டா சரி. பொதபொதன்னு கேட்டா லேயர் பிரிஞ்சிருக்கு."

"எல்லா இடமும் டொக்குதான் சித்தப்பா."

"ஓட்டை போட்ட இடத்தைச் சுத்தித் தட்டினியா? மேட்டும் ரெசினும் தண்ணி விடாது. நாம போடுற ஓட்டைதான் விடும்."

விற்க வந்த அம்மா, தன் வண்டியை ஒருத்தி ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு பலாப்பழம் மாதிரி தட்டிக்கொண்டே சுற்றி வருவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா சொன்னதில் எல்லாம் அடக்கம். உள்ளே இருக்கும் அலமாரிகள் பெரும்பாலும் ஷெல்லை (வண்டியின் வெளிக்கூட்டை) துளைத்து ரிவெட் என்னும் உலோக ஆணி அடித்துத் தொங்கவிட்டவை. வெளியே ஒவ்வொரு ரிவெட் தலைக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடி. வெயிலில் மூடி மொறுமொறுத்து உதிரும். ரிவெட் அதிர்வில் தளரும். அந்த மயிரிழை இடைவெளி வழியாக மழை உள்ளே வரும். வந்தது நேராகச் சொட்டினால் கண்டுபிடிக்கலாம். உள்சுவரில் ஒட்டியிருக்கும் கார்ப்பெட் மாதிரியான துணிக்குப் பின்னாலேயே வழிந்து, எங்கோ கட்டில் பெட்டிக்கு அடியில் போய்த் தேங்கும். தரை மட்டும்தான் இதில் மரம். ஆகவே கெடுவதும் அதுதான்.

ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜன்னல், கதவு எல்லாம் மூடிவிட்டு, இலை ஊதும் மெஷினைக் கூரை வென்ட் வழியாக உள்ளே காற்றடிக்குமாறு வைத்து, சுற்றிலும் இடைவெளியை டேப்பால் அடைத்துவிடுங்கள். பிறகு வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வர வேண்டும். ஓட்டை உள்ள இடத்தில் முட்டை முட்டையாகக் குமிழி வரும். எங்கள் வண்டியில் ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பிலும், அலமாரி ரிவெட்டுகள் சிலவற்றிலும் வந்தது.

ரிவெட் மாற்றுவது இரண்டு பேர் வேலை. பழைய தலையை டிரில்லால் மெதுவாகச் சீவி எடுக்க வேண்டும். அழுத்தினால் துளை பெரிதாகிவிடும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் அலமாரியைத் தோளில் தாங்கிக்கொள்ள வேண்டும். "என்னங்க, விட்டுறாதீங்க" என்று நான் வெளியிலிருந்து கத்த, "சீக்கிரம் அடி" என்று அவர் உள்ளிருந்து கத்த, பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புது ரிவெட்டின் கழுத்தில் படகுக்குப் போடும் பாலியுரேத்தேன் ஸீலன்டைத் தடவி, துளையில் விட்டு, ரிவெட் கன்னால் இழுத்தால் ஸீலன்ட் வட்டமாகப் பிதுங்கி வரும். அப்படிப் பிதுங்கினால்தான் நன்றாக அடைத்தது என்று அர்த்தம். துடைத்துவிட்டுப் புது மூடி. ஜன்னலுக்கு ப்யூட்டைல் டேப்: சட்டத்தைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, புது டேப்பை விளிம்பு முழுக்க ஒட்டி, திரும்ப முடுக்க வேண்டும்.

சிலிக்கான் மட்டும் வேண்டாம். எங்கள் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் யாரோ ஒருவர் டியூப் டியூபாகச் சிலிக்கானை அப்பியிருந்தார். அது ஒரு நாள் உரிந்து வரும். உரிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் தங்கும். அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. ரிவெட்டுக்கு ஆன நேரத்தைவிட அதைச் சுரண்ட ஆன நேரம்தான் அதிகம்.

ஷெல்லில் சிலந்திவலை மாதிரி மெல்லிய வெடிப்புகள் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அநேகமாக அது ஜெல்கோட் எனப்படும் பளபள மேற்பூச்சு மட்டும்தான். கீறித் திறந்து, ஜெல்கோட் பேஸ்ட் நிரப்பி, தண்ணீர் போட்டு எமரி தேய்த்து, பாலிஷ் போட்டால் போயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாக்ஸ் போடுங்கள். இல்லையென்றால் சுண்ணாம்பு பூசிய மாதிரி கையில் வெள்ளையாக ஒட்டும்.

கீழே போவோம். அச்சு டார்ஷன் வகை: இரும்புக் குழாய்க்குள் ரப்பர் உருளைகள், அவைதான் ஸ்ப்ரிங். ஓட்டத்துக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் ரப்பருக்கு வயசாகும். வயசானால் வண்டி தாழ்ந்து, சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையே விரல்கூட நுழையாது. ரப்பரை மட்டும் மாற்ற முடியாது, அச்சு முழுக்கப் புதிது போட வேண்டும். கூலியும் சேர்த்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். விலை பேசும்போது இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று யாராவது காட்டினால் மயங்காதீர்கள். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்தில் வெயில் பட்டு வெடித்துச் சாகிறது. பக்கவாட்டில் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருஷம் ஆனால் பட்டனைப் பார்க்காமல் மாற்றிவிடுவேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் 50 மைலில் நிறுத்தி நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்க வேண்டும். பேரிங் கிரீஸ் வருஷத்துக்கு ஒரு முறை.

இழுவை பற்றி. சியன்னா 3,500 பவுண்டு வரை இழுக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. எங்கள் முட்டை அரிசி, பருப்பு, தண்ணீர், சைக்கிள் எல்லாம் ஏற்றியும் 2,000 பவுண்டைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். மினசோட்டாவில் 3,000 பவுண்டு எடை வந்தால்தான் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஆனாலும் எலெக்ட்ரிக் பிரேக் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினோம். பாரம் ஏற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கம் ஹிட்ச் (வேனோடு மாட்டும் கொக்கி) மேல் உட்கார வேண்டும். அரிசி மூட்டையைப் பின்னால் போட்டு முன்பக்கம் லேசானால் நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கிவிடும். சவுத் டகோட்டாவில் பேட்லாண்ட்ஸ் போகும் ஐ-90 நெடுஞ்சாலையில் குறுக்குக் காற்று அடிக்கும். அங்கே உருண்டை உடம்பின் அருமை தெரியும். பக்கத்தில் போகிற பெட்டி வண்டிகள் தள்ளாடும்போது இது ஒதுங்கிப் போய்விடுகிறது.

உள்ளே வாழ்க்கை எப்படி? நான்கு பேர், அதில் இருவர் சின்னப் பிள்ளைகள் என்றால் சரி. சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அது எங்கள் கட்டில்; முன்பக்க சோபா பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. என் மூத்தவனுக்கு இப்போதே கால் இடிக்கிறது. கழிவறை கிடையாது. கழிவறை வைத்த மாடலும் உண்டு, ஆனால் அதற்கு இந்தப் பிள்ளைகளின் படுக்கையைத்தான் பலி கொடுக்க வேண்டும். ஸ்டேட் பார்க்குகளில் குளியலறை இருப்பதால் எங்களுக்குக் குறை தெரியவில்லை.

சமையல்தான் என் பெரிய புகார். உள்ளே இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு இருக்கிறது, அழகுக்கு. சோறு வடித்தால் ஆவி குளிர்ந்த ஷெல்லில் பட்டு, காலையில் சுவரெல்லாம் வியர்த்திருக்கும். தாளித்தால் அந்தத் துணி வாசனையை விடவே விடாது. போன கோடையின் கருவாடு இந்தக் கோடையிலும் இருக்கும். அதனால் அடுப்பு வெளியே, மேஜை மேல். ராத்திரிக்குப் பொடி, தயிர், வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல். ஃப்ரிட்ஜ் கேஸ், பேட்டரி, கரண்ட் மூன்றிலும் ஓடும். ஆனால் வண்டி மட்டமாக நின்றால்தான் ஒழுங்காகக் குளிரும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கடியில் பலகை கொடுத்த பிறகுதான் மாவு டப்பா உள்ளே போகும். இன்னொன்று: புரோப்பேன் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதனால்தான் கேஸ் டிடெக்டர் கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் காலாவதித் தேதி உண்டு. எங்களுக்கு வந்தபோது அது எப்போதோ காலாவதியாகியிருந்தது.

முதல் பயணத்துக்கு இட்டாஸ்காவைச் சொல்வேன். 1891இல் தொடங்கிய, மினசோட்டாவின் முதல் ஸ்டேட் பார்க். மிசிசிப்பி ஆறு புறப்படும் இடத்தில் பிள்ளைகள் கல் மேல் கால் வைத்து ஆற்றைத் தாண்டலாம். கரண்ட் உள்ள இடங்களும் அங்கே இருக்கின்றன. முன்பதிவு 120 நாளைக்கு முன்னால் திறக்கும். கோடை வார இறுதி வேண்டுமென்றால் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். 2009இல் இந்த மாநிலத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு விறகோடு பரவும்; ஸ்டேட் பார்க்கில் அங்கீகரித்த விறகு மட்டும்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் புல்லில் ஊற்றக் கூடாது. வாளியில் பிடித்து அதற்குரிய இடத்தில் கொட்ட வேண்டும். முட்டை வண்டிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: யாராவது ஒருவர் "உள்ளே பார்க்கலாமா?" என்று நிச்சயம் வருவார். டீ போட்டுக் கொடுத்து அனுப்புவோம்.

அக்டோபர் வந்தால் குளிர்கால வேலை. மைனஸ் 30 வரை போகும் ஊரில் குழாயில் ஒரு மடக்குத் தண்ணீர் மிஞ்சினாலும் உறைந்து விரிந்து பிளந்துவிடும். டேங்க்கை வடித்து, பம்ப் வழியாக ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸை ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் ரோஸாக வரும்வரை திறந்துவிட வேண்டும். கார் எஞ்சினுக்கு ஊற்றும் பச்சை நிறத்தது விஷம், அது இங்கே வேண்டவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்து, மெத்தைகளை நிமிர்த்தி நிறுத்திவிட்டால் ஏப்ரல் வரை அதன்பாட்டுக்கு நிற்கும். வண்டி மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், காற்றில் உரசி ஜெல்கோட்டைத் தேய்த்துவிடும்.

கையில் ரெஞ்ச் பிடிக்க விருப்பமில்லாதவர்களுக்கு இது வேண்டாம். ரிப்பேர் கடைக்கு விட்டால் ஒரு கோடைக்காலம் வரிசையிலேயே கழிந்துவிடும். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம். நல்ல நிலையில் இருப்பவை விளம்பரம் வந்த அன்றே போய்விடும், விலையும் அவ்வளவாக இறங்காது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். மெத்தையைத் தூக்கி, கட்டில் பெட்டிக்குள் டார்ச் அடித்து, நான்கு மூலையிலும் கை வைத்துப் பாருங்கள். "நேத்துதான் கழுவினேன், அதான் ஈரம்" என்று விற்பவர் சொன்னால், விலையைக்கூடக் கேட்காமல் வந்துவிடுங்கள்.