காரைக்குடி பக்கம் எங்க ஹைஸ்கூல்: ஜூலை 15 விழாவும் புது கட்டடமும்

லீவுல ஊருக்கு போறப்ப படிச்ச ஸ்கூலுக்கு ஏதாச்சும் செய்யணும்னு நம்மள்ல நெறைய பேருக்கு ஆசை இருக்கு, ஆனா யார போய் பாக்குறது, பணத்த எப்படி குடுக்குறது, குடுத்தா ஒழுங்கா போய் சேருமான்னு தெரியாமலே வருஷம் ஓடிடுது, அதனால இந்த தடவை நான் நேர்ல பாத்தத எழுதிடுறேன்.

ஸ்கூல் பேரு வேணாம். காரைக்குடிலேர்ந்து டவுன் பஸ் போற தூரம்தான், இப்ப அரசு மேல்நிலைப் பள்ளி, ஆனா நாங்க படிக்கிறப்ப பத்தாவது வரைக்கும்தான் இருந்துச்சு, அதனால ஊர்ல இன்னைக்கும் ஹைஸ்கூல்னுதான் சொல்லுவாங்க. சென்னைலேர்ந்து பல்லவன் எக்ஸ்பிரஸ்ல போனேன், மதியம் எழும்பூர்ல ஏறினா ராத்திரி காரைக்குடி, பெட்டி சுத்தமா இருந்துச்சு, டீ காப்பி நேரத்துக்கு வந்துச்சு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. தங்கின லாட்ஜ்ல மட்டும் ஆன்லைன்ல காட்டின வாடகை ஒண்ணு, கவுன்ட்டர்ல கேட்டது ஒண்ணு, புக்கிங் பிரின்ட்அவுட்ட காட்டினதும் எறங்கி வந்தாங்க, கைல வெச்சுக்கோங்க.

ஜூலை 15 காமராஜர் பொறந்தநாள், 2006லேர்ந்து தமிழ்நாடு முழுக்க கல்வி வளர்ச்சி நாளா கொண்டாடுறாங்க. இந்த தடவை அதோடவே ரிட்டயர்டு வாத்தியார்களுக்கு மரியாதை, பள்ளிக்கு இடம் குடுத்தவங்க குடும்பத்துக்கு மரியாதை, புது வகுப்பறைக்கு அடிக்கல்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல வெச்சிருந்தாங்க. மேடைல கட்சிக்காரங்கள முன்னாடி உக்கார வெக்காம வாத்தியார்கள உக்கார வெச்சாங்க, எனக்கு அதுவே பெரிய நிம்மதி, சால்வை போட்டது ஹெச்எம் மேடம் இல்ல, ஒம்பதாவது படிக்கிற புள்ளைங்க. இங்க படிச்சு, அரசுப் பள்ளி புள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல எம்பிபிஎஸ் சேர்ந்த பொண்ணும் வந்திருந்துச்சு, அது மேடைக்கு போனப்ப கேட்ட கைதட்டல் வேற யாருக்கும் கேக்கல. கூட்டி பெருக்குற அக்காவையும் மறக்காம கூப்பிட்டாங்க.

எங்க கணக்கு சார், பேரன் ஓட்டின டிவிஎஸ் பிஃப்டில பின்னாடி உக்காந்து வந்தாரு, வெள்ளை வேட்டி, சட்டைப் பைல பழைய மாதிரியே செவப்பு பேனா ஒண்ணு நீல பேனா ஒண்ணு. சால்வைய மடிச்சு நாற்காலில வெச்சுட்டு நேரா போய் சுவத்துல ஒட்டியிருந்த கட்டட பிளான் முன்னாடி நின்னாரு. கண்ணாடிய கழட்டி தொடச்சு மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு, அப்புறம் இன்ஜினியர் தம்பிய கூப்பிட்டு "கரும்பலகை எந்தப் பக்கம்பா வருது, ஜன்னல் புள்ளைகளுக்கு வலது கைப் பக்கம் வந்தா எழுதுற கையோட நெழல் நோட்டு மேலேயே விழும், இடது பக்கம் வெளிச்சம் வரணும்"னாரு. அந்த தம்பி ஒரு நிமிஷம் யோசிச்சு பென்சிலால பிளான்லயே குறிச்சுக்கிட்டாரு. வாழ்க்கை பூரா கிளாஸ்ல நின்ன மனுசன்கிட்ட கட்டடத்த பத்தி கேட்டா இப்படி ஒரு விஷயம் கிடைக்கும், வெறும் சால்வைய போட்டு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா இது கிடைச்சிருக்குமா?

எங்க பழைய ஓட்டுக் கட்டடம் இப்ப இல்ல. 2004ல கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்துல 94 புள்ளைங்க போனது நமக்கு மறக்காது, 2021 டிசம்பர்ல நெல்லைல ஸ்கூல் கழிப்பறை சுவர் விழுந்து மூணு பசங்க போனாங்க, அதுக்கப்புறம் தமிழ்நாடு முழுக்க பழசான பள்ளிக் கட்டடங்கள இடிக்க ஆரம்பிச்சாங்க, எங்களதும் அதுல போயிருச்சு. படிச்ச கிளாஸ் இல்லாதது வருத்தம்தான், ஆனா புள்ளைங்க தலைக்கு மேல அந்த உத்திரம் இருக்குறத விட தரமட்டமா இருக்குறதே நல்லது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எங்க செட்டு வாட்ஸப் குரூப்ல ஸ்கூல் வாசல்ல ஒரு பெரிய நுழைவு வளைவு கட்டி செட்டு வருஷத்த போடலாம்னு பேசி வெச்சிருந்தாங்க. விழாவுக்கு மொத நாள் எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு, அதுல போய் சொன்னோம். கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதி பேர் பொம்பளைங்களா இருக்கணும், 2024ல மாத்தி அமைச்சப்ப முன்னாள் மாணவர்களையும் சேத்திருக்காங்க. எங்க ஸ்கூல்ல தலைவி நூறு நாள் வேலைக்கு போற ஒரு அம்மா. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "அண்ணே, வளைவு அழகாத்தான் இருக்கும், பொம்பளப் புள்ளைக பாத்ரூம்ல தண்ணி வரலண்ணே, மோட்டர் கெட்டு கெடக்கு, மத்தியானத்துக்கு மேல புள்ளைக தண்ணியே குடிக்க மாட்டேங்குதுக"ன்னாங்க. வளைவு பேச்சு அங்கேயே முடிஞ்சுது, முடிஞ்சதுதான் சரி. அன்னைக்கு சாயங்காலமே காரைக்குடில மோட்டர் வாங்கியாச்சு.

பணம் அனுப்புறவங்க இத கவனமா படிங்க. இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்குற என்ஆர்ஐ தன் சொந்த சேமிப்புலேர்ந்து பேங்க் வழியா குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, ஆனா அமெரிக்க, சிங்கப்பூர், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிட்டா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்குறது) இருந்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாத பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கணக்குல அத போடக்கூடாது. எங்க ஊர்ல ஒரு பேங்க்ல இத கேட்டப்ப "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், யார் வேணா போடலாம்"னு தப்பா சொல்லிட்டாங்க, நம்பிடாதீங்க, ஆடிட்டர்கிட்ட கேட்டுத்தான் செஞ்சோம். "என் அக்கவுன்ட்டுக்கு அனுப்பு, நான் போட்டுக்குறேன்"ங்கிற வேலையும் வேணாம், பின்னாடி மாட்டிக்கிறது ஹெச்எம்தான். 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளத்துல அந்தந்த ஸ்கூலுக்கு என்ன தேவைன்னு போட்டிருப்பாங்க, மொதல்ல அத பாத்துட்டு ஹெச்எம்ம கூப்பிடுங்க. கட்டடம்னா நம்ம இஷ்டத்துக்கு கொத்தனார கூட்டிட்டு போய் கட்ட முடியாது, கல்வித்துறை அனுமதி, எஸ்டிமேட் எல்லாம் வேணும். நமக்கு நாமே திட்டத்துல ஊர்மக்கள் பங்கு மூணுல ஒண்ணு இருந்தா மீதிய அரசு போடும், நாங்க அந்த வழியிலதான் போறோம், அலைச்சல் இருக்கு ஆனா கட்டடம் முறையா வரும்.

இது ஒண்ணும் நம்ம பக்கத்துக்கு புதுசு இல்ல. காமராஜர் காலத்துல நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்ப ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி ஊர்க்காரங்க கையாலயே பள்ளிக்கு வேண்டியத வாங்கி குடுக்க வெச்சாரு. காரைக்குடில அழகப்ப செட்டியார் 1947ல காலேஜ் ஆரம்பிச்சாரு, மின்வேதியியல் ஆய்வகம் வர்றதுக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கி குடுத்தாரு, அந்த ஆய்வகம் இன்னைக்கும் நடக்குது. அவ்ளோ நம்மால முடியாது, ஒரு வகுப்பறை முடியும்.

நான் கெளம்புறப்ப மோட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, தண்ணி வருது. கட்டடத்துக்கு பூமி பூஜை முடிஞ்சு கோடு போட்டாச்சு, ஜன்னல் இடது பக்கம்தான். ஊர்ப் பங்குல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, எங்க ஸ்கூல்ல படிச்சவங்க யாராச்சும் இத படிச்சா மொதல்ல ஹெச்எம் மேடத்துக்கு ஒரு போன் போட்டுட்டு அப்புறம் குரூப்ல சொல்லுங்க.