கனால் சேற்றுக்கு மன்னார் என்று பெயர்

கொழும்பில் வெள்ளவத்தைக் கடலோரம் இருப்பவர்களுக்குத் தெரியும், சோளகம் எழும்பினால் உப்புக்காற்றில் கறிவேப்பிலைக் கன்றுகூடக் கருகிப்போகும். எங்கள் வளவில் மதிலோரம் பத்தடிக்கு வெறும் மணல். உப்பைத் தாங்கும் வங்காரவள்ளைக் கொடியைப் படரவிட்டால் மணலும் மூடும், வறைக்கும் கீரை கிடைக்கும் என்று நினைத்தேன். தடித்த இலை, சிவந்த தண்டு, இளஞ்சிவப்பில் சின்னப் பூ. சிங்களத்தில் மகா சாரண என்பார்கள்.

முகநூலில் ஒருவர், "மன்னார்த் தோட்டத்தில் வளர்ந்தது, இரசாயனம் இல்லை" என்று போட்டிருந்தார். கன்று 200 ரூபாப்படி 30 கன்று, ஓட்டோக் கூலி 600. காசை முதலே வங்கியில் போடச் சொன்னார். போட்டேன், என் மடத்தனம்.

வந்தது அசல் வங்காரவள்ளைதான். ஆனால் வேரில் மணலே இல்லை. கறுத்த சேறு, கழிவுநீர் ஓடும் கனால் வாய்க்காலின் நாற்றம். ஒரு கன்றின் வேருக்குள் ஷாம்பூ பக்கெட் துண்டு பின்னிக் கிடந்தது. தொலைபேசியில் கேட்டால் மன்னார்தான் என்று சாதித்தார். அந்தத் துண்டைப் படம் எடுத்து வட்ஸப்பில் அனுப்பிய பிறகுதான் கதை மாறியது: "அக்கா, கனாலும் கடலிலதானே விழுது. எல்லாம் ஒரே தண்ணிதான். நல்லாக் கழுவிப்போட்டுச் சமையுங்கோ."

கழுவினால் போகிற அழுக்கா இது? உப்பை உறிஞ்சி இலையில் சேர்த்துவைத்துத்தான் இந்தச் செடி உவர்நிலத்தில் பிழைக்கிறது. காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் மண்ணில் இருந்தால் அவற்றையும் இழுத்துக்கொள்ளும். மாசுபட்ட உவர்மண்ணைச் சுத்தமாக்க ஆய்வாளர்கள் இதை நட்டுப் பார்ப்பதும் அதனால்தான். அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் உப்புக் குறையும். உலோகத்துக்கு அந்த வித்தையை நம்பி பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன்.

காசைத் திருப்பிக் கேட்டதும் என்னை புளொக் பண்ணிவிட்டார். முப்பதையும் பையில் கட்டிக் குப்பைக்குப் போட்டேன். பசளைக் குழியில் போடவில்லை, கணுவில் ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைத்துவிடும்.

வாங்குகிறவர்கள் எங்கே பிடுங்கியது என்று கேளுங்கள், வேரை மணந்து பாருங்கள், பிறகு காசைக் கொடுங்கள். உண்மையில் 30 கன்று தேவையே இல்லை. மன்னார்ப் பேசாலையில் இருந்து தெரிந்தவர் ஒருவர் தன் வளவில் வெட்டிய ஆறு தண்டு கொண்டுவந்து தந்தார். ஈரமணலில் கணு புதைய வைத்தேன், அதில் நாலு தண்டு வேர் பிடித்துவிட்டது.