ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றிய பின்: எஸ்எஸ்எல்-5 உடன் சில ஆண்டுகள்

ஃபெண்டர் நிறுவனத்தின் எலக்ட்ரிக் கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (ஸ்ட்ராட்), கம்பிகள் முடியும் பிரிட்ஜை ஒட்டிய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) மெலிந்து, காதைக் குத்துவதுபோல் ஒலிக்கிறது என்பது கிட்டார் வாசிப்பவர்களின் பழைய குறை. பிரிட்ஜுக்கு அருகில் கம்பியின் அதிர்வு சிறியது, அதிலும் அடித்தொனி குறைவு. அப்படியிருந்தும் 1954இல் வந்த மூல வடிவமைப்பில் மூன்று பிக்கப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுற்றப்பட்டன. டோன் கட்டுப்பாடும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மட்டும் தரப்படவில்லை. இந்த இடத்தில் சீமோர் டங்கன் நிறுவனத்தின் எஸ்எஸ்எல்-5 பிக்கப்பைப் பொருத்திச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன்.

கனமான ஒலி வேண்டுமென்று தேடுபவர்கள் முதலில் பார்ப்பது மின்தடை எண்ணைத்தான். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. வழக்கமான ஸ்ட்ராட் பிக்கப்பின் மின்தடை சுமார் 6 கிலோ ஓம், எஸ்எஸ்எல்-5இன் மின்தடை சுமார் 13, அதே நிறுவனத்தின் ஜேபி ஹம்பக்கரில் (இரைச்சலை நீக்க இரு சுருள்களைச் சேர்த்த பிக்கப்) 16க்கும் மேல். ஆனால் செம்புக் கம்பி மெலியும்போதும் மின்தடை ஏறும்: 42ஆம் கேஜ் கம்பிக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 44ஆம் கேஜில் அதே நீளத்தைச் சுற்றினால், ஒரு சுற்றுகூடக் கூடாமலே மின்தடை ஏறக்குறைய 60 சதவீதம் உயர்ந்துவிடும். ஒலியின் கனத்தைத் தீர்மானிப்பதில் காயிலின் (கம்பிச் சுருளின்) இன்டக்டன்ஸுக்கே, அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மைக்கே, பெரும்பங்கு. அது கூடும்போது, காயிலும் கிட்டார் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு உச்சி கீழே இறங்குகிறது. சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்பில் அந்த உச்சி நடைமுறையில் 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அமைந்து பளபளப்பைத் தருகிறது. அதுவே 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினால் நடுத்தொனி முன்னுக்கு வந்து, தனிஸ்வரங்கள் உடம்போடு கேட்கின்றன.

ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பின் அளவிலேயே வரும் ஹம்பக்கர்களையும் பரிசீலித்தேன். ஹாட் ரெயில்ஸ் போன்றவை இரைச்சலை நீக்கிக் கனத்தையும் தருகின்றன. ஆனால் கம்பியை மீட்டும் கணத்தில் எழும் ஸ்ட்ராட்டின் துள்ளல் அவற்றில் அடங்கிவிடுகிறது. எனக்கு அந்தத் துள்ளலும் வேண்டியிருந்தது. எஸ்எஸ்எல்-5 அல்னிகோ 5 என்ற உலோகக் கலவையாலான காந்தத் தண்டுகளைக் கொண்ட உண்மையான சிங்கிள் காயில். சுற்றுகள் மட்டும் அதிகம். 1970களின் இறுதியில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் கருப்பு ஸ்ட்ராட்டுக்காகச் சுற்றப்பட்ட பிக்கப்பின் வழிவந்தது.

பொருத்தும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஃபேஸ், அதாவது இரு பிக்கப்புகளின் மின்சைகைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகின்றனவா என்பது. நடு பிக்கப் வேறொரு நிறுவனத்தினுடையதாக இருந்தால் இரண்டும் எதிர் ஃபேஸில் அமைய வாய்ப்புண்டு. அப்போது இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது அடித்தொனி பெரும்பாலும் காணாமற்போய்த் தகரம்போல் ஒலிக்கும். புதிய பிக்கப்பின் இரு ஒயர்களையும் இடம் மாற்றிச் சால்டர் செய்தாலே சரியாகிவிடும். பயன்படாமலிருந்த டோன் பாட்டை (திருகிக் கட்டுப்படுத்தும் மின்தடையை) பிரிட்ஜுக்கு இணைத்துக்கொள்வதையும் வலியுறுத்துவேன். 250 கிலோ ஓம் பாட்களையே வைத்துக்கொண்டு டோனைப் பத்திலிருந்து ஏழுக்கோ எட்டுக்கோ இறக்கினால் மிச்சக் கூர்மையும் தணிகிறது. பிக்கப்பை மாற்றாமலே இவ்வளவு பலன் தருவதால், புதிய பிக்கப்புக்குச் செலவழிக்கும் முன் இந்த இணைப்பைச் செய்து கேட்டுவிடுவது நல்லது.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில்தான் இந்தப் பிக்கப் தன்னை முழுவதுமாகக் காட்டுகிறது. மேற்கம்பிகளில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியை வளைத்துப் பெண்ட் செய்து பிடிக்கும்போது, முன்பு இழைபோல் கேட்ட ஸ்வரம் இப்போது அகன்று நிற்கிறது; வால்யூமை ஆறுக்குக் குறைத்தால் ஆம்ப் தெளிந்து, பழைய ஸ்ட்ராட்டின் சாயலும் திரும்புகிறது. சற்று மங்கியே திரும்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிஸ்டார்ஷன் இல்லாமல் விட்டுவிட்டு மீட்டும் ரிதம் வாசிப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காந்தத் தண்டுகள் ஏற்றத்தாழ்வாக அமைந்திருப்பதையும் அறிந்துகொண்டு வாங்க வேண்டும். ஜி கம்பி சுற்றுக்கம்பியாக (மேலே உலோக இழை சுற்றியதாக) இருந்த காலத்தின் அமைப்பு அது. இன்றைய வெறும் ஜி கம்பிக்கு அடியிலும் தண்டு உயர்ந்தே நிற்பதால் அந்தக் கம்பி சற்று உரக்கக் கேட்கிறது. காயில் நேரடியாகத் தண்டுகளின் மீதே சுற்றப்பட்டிருக்கும் இத்தகைய பிக்கப்புகளில் தண்டை அழுத்தி இறக்க முயலவே கூடாது, உள்ளே காயில் கம்பி அறுந்துவிடும். பிக்கப் முழுவதையும் ஒரு திருகளவு இறக்கி ஓரளவு சமன் செய்திருக்கிறேன். அதனால் ஒலியின் கனம் குறையவில்லை, ஆம்பின் கெயினைச் சிறிது கூட்டினால் போதுமானதாக இருக்கிறது.

இரைச்சல் மட்டும் மாறாத குறை. சுற்றுகள் அதிகமானதால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் இது கூடுதலாகவே வாங்கிக்கொள்கிறது. நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்க் காந்தமுனை உடையதாக இருந்தால் இரண்டும் சேரும் நிலையில் அது பெரிதும் அடங்கும். பிரிட்ஜ் தனித்து ஒலிக்கும்போது அடங்காது. அதிக கெயினில் பட்டுப்பட்டென்று நிறுத்தி வாசிக்கும் மெட்டல் இசைக்காரர்கள் ஹம்பக்கர் வாங்குவதே சரி.