ஆன்கோடைப் டிஎக்ஸ்: கீமோ வேண்டுமா என்று சொல்லும் 21 மரபணுச் சோதனை

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய்; அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் தூண்டப்படுகிற, ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகையாக இல்லாத வகை. அக்குள் நிணநீர்க் கணுவில் ஒன்றும் இல்லை, அல்லது மூன்று கணுக்கள் வரை பரவியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஹார்மோன் மாத்திரை எப்படியும் உண்டு; அதோடு கீமோவும் வேண்டுமா? ஆன்கோடைப் டிஎக்ஸ் விடை சொல்வது இந்த ஒரு கேள்விக்குத்தான். அதற்கு இப்போது இருக்கிற சோதனைகளில் முதலிடம் இதற்கே தரலாம். ஆனால் உள்ளே போகிற திசு சரியாக இருந்தால்தான் வெளியே வருகிற எண்ணும் சரியாக இருக்கும். இதை எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு.

வேலை செய்கிற விதம் எளிது. அறுத்தெடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கில் இருக்கும் கட்டியிலிருந்து ஆர்என்ஏவை (மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) பிரித்து, ஆர்டி-பிசிஆர் என்ற ஆர்என்ஏ அளக்கும் முறையில் 21 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளக்கிறார்கள். அவற்றில் 16 புற்றுநோய் சார்ந்தவை, 5 ஒப்பீட்டுக்கானவை. பழைய பிளாக்கில் ஆர்என்ஏ துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதனால் மிகச் சிறிய துண்டுகளை மட்டுமே படிக்கும்படி சோதனையை வடிவமைத்திருக்கிறார்கள். முடிவு 0 முதல் 100 வரை ஒரே எண்; எண் கூடினால் நோய் திரும்பும் அபாயமும் கூடும். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள சூத்திரம் வெளியிடப்பட்ட ஒன்றுதான், பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. செல் பெருக்கத் தொகுதிக்கு எடை 1.04, ஹெர்-2 தொகுதிக்கு 0.47, ஈஸ்ட்ரோஜன் தொகுதிக்கு மைனஸ் 0.34, ஊடுருவல் தொகுதிக்கு வெறும் 0.10. ஆக, ஹெர்-2 நெகட்டிவ் கட்டியில் இந்த எண் பெரும்பாலும் சொல்வது செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன, ஹார்மோன் பாதை எவ்வளவு உயிர்ப்பாக இருக்கிறது என்ற இரண்டைத்தான். 21 மரபணு என்றதும் வரும் பிரமிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஆதாரத்தில் குறை சொல்ல முடியாது. 2004இல் வந்த முதல் சரிபார்ப்பு ஆய்வு, டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்த 668 பெண்களின் பழைய பிளாக்குகளில் செய்யப்பட்டது. பத்து ஆண்டுகளில் நோய் வேறு உறுப்பில் திரும்பியது குறைந்த எண் உள்ளவர்களில் 6.8 சதவீதம், உயர்ந்த எண் உள்ளவர்களில் 30.5 சதவீதம். அடுத்து டெய்லர்-எக்ஸ் என்ற ஆய்வு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, 11 முதல் 25 வரை எண் வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்ததில், ஒன்பதாம் ஆண்டில் நோய் பரவாமல் இருந்தவர்கள் கீமோ இல்லாமல் 94.5 சதவீதம், கீமோவோடு 95.0 சதவீதம். கணுவில் பரவல் இருப்பவர்களுக்கு இதே கேள்வியைக் கேட்டது ஆர்எக்ஸ்-பாண்டர் ஆய்வு. ஒன்று முதல் மூன்று கணுக்கள், எண் 25க்குள், மாதவிடாய் நின்றவர் என்றால் கீமோவால் லாபம் தெரியவில்லை. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு லாபம் தெரிந்தது.

வயது விஷயத்தில் தடுமாறுகிறவர்கள் அதிகம். டெய்லர்-எக்ஸிலேயே 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில், எண் 16 முதல் 20 வரை என்றால் பரவல் சுமார் 1.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. 21 முதல் 25 வரை என்றால் சுமார் 6.5. அது கீமோ மருந்து செல்லைக் கொன்றதால் வந்த லாபமா, சினைப்பை வேலையை நிறுத்தியதால் வந்ததா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. எனவே 42 வயதுக்காரரின் 22ஐயும் 65 வயதுக்காரரின் 22ஐயும் ஒன்றாகப் படிக்கக் கூடாது. குறைவு, இடைநிலை, உயர்வு என்று பிரிக்கப் பழைய ஆய்வுகள் 18, 31 என்ற எல்லைகளில் பேசும், புதியவை 11, 26 என்று பேசும். பழைய ரிப்போர்ட்டில் ‘இடைநிலை’ என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

இனி பிளாக். அறுத்தெடுத்த மார்பகத் திசு ஒரு மணி நேரத்துக்குள் வெட்டித் திறக்கப்பட்டு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போக வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். முழுத் திசுவையும் வெட்டாமல் வாளியில் போட்டுவிட்டால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேராது, ஆர்என்ஏ அங்கேயே சிதைந்துவிடும். அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பு நீக்கிய எலும்புத் திசு இதற்கு உதவவே உதவாது. பல பிளாக் இருந்தால் ஊடுருவும் கட்டி அதிகமாகவும், டிசிஐஎஸ்ஸும் (பால் நாளத்தை விட்டு வெளியேறாத புற்றுநோய்) நெக்ரோசிஸும் (செத்த திசு) குறைவாகவும் உள்ளதைப் பேத்தாலஜிஸ்ட் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்தர் கையில் முதலில் கிடைத்த பிளாக்கைப் பார்சல் கட்டுவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஊசி பயாப்ஸி எடுத்த குழி. பயாப்ஸிக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவிலுள்ள சில வாரங்களில் அந்தக் குழியைச் சுற்றிப் புண்ணை ஆற்றும் திசு வளர்கிறது. அதில் அழற்சிச் செல்களும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் (தழும்புத் திசுவை உண்டாக்கும் செல்கள்) மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கும். சோதனைக்கு எல்லாம் ஒரே ஆர்என்ஏதான். செல் பெருக்கத்தைக் காட்டும் குறியான கி-67இல் புற்றுநோய்ச் செல்லுடையது எது, ஆறும் புண்ணின் கி-67 எது என்று பிரிக்கத் தெரியாது. பெருக்கத் தொகுதிக்கு எடை 1.04 என்பதால் எண் கணிசமாக ஏறிவிடும். கிரேடு 1 கட்டி (மெதுவாக வளரும் வகை), புரோஜெஸ்டிரோன் ஏற்பி பலமாக பாசிட்டிவ், கி-67 குறைவு. ஆனால் எண் 29 என்று வந்தால் கீமோ நாற்காலியை நோக்கிப் போவதற்கு முன் அனுப்பிய ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கெரட்டினுக்கும் (புற்றுநோய்ச் செல்லில் இருக்கும், ஆறும் புண்ணின் செல்லில் இல்லாத புரதம்) கி-67க்கும் சேர்த்து இரட்டைச் சாயம் போட்டால் பெருகுவது எந்தச் செல் என்பது கண்ணுக்கே தெரியும். குழிப் பகுதியைச் சுரண்டி நீக்கிவிட்டு அனுப்பலாம், அல்லது முதலில் எடுத்த ஊசி பயாப்ஸியையே அனுப்பலாம்.

ரிப்போர்ட்டில் இஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 மூன்றுக்கும் ஆர்டி-பிசிஆர் அளவு தனித்தனியாக வரும். இஆருக்கு 6.5, பிஆருக்கு 5.5 எல்லை; ஹெர்-2க்கு 11.5ம் அதற்கு மேலும் பாசிட்டிவ். இவற்றைக் குறுக்குச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள ஆரோக்கியத் திசு கலந்து ஹெர்-2 அளவு நீர்த்துப்போக வாய்ப்புண்டு. ஹெர்-2க்கான மருந்து முடிவை ஐஎச்சி (திசுவில் புரதத்துக்குச் சாயம் போடும் சோதனை), ஃபிஷ் (மரபணுப் பிரதிகளை எண்ணும் சோதனை) பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் வரும் ஒன்பது ஆண்டு அபாயச் சதவீதம், ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காக எடுப்பவருக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். பக்கவிளைவு தாங்காமல் ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்துகிறவருக்கு அந்தச் சதவீதம் பொருந்தாது.

போட்டியாளர்களில் 70 மரபணு மம்மாபிரிண்ட்டுக்கு மின்டாக்ட் என்ற வலுவான ஆய்வு பின்னால் நிற்கிறது. பார்வைக்கு ஆபத்தான கட்டி, மரபணு அளவில் அபாயம் குறைவு என்று வந்தவர்களில், கீமோ இல்லாமலே ஐந்தாண்டில் 94.7 சதவீதம் பேர் பரவலின்றி இருந்தார்கள். எண்டோபிரெடிக்ட், புரோசிக்னா இரண்டும் ஐந்தாண்டுக்குப் பிறகு வரும் தாமதப் பரவலைக் கணிப்பதில் ஆன்கோடைப்பை விடத் தேவலை. கட்டியின் அளவையும் கணுக்களையும் கணக்கில் சேர்ப்பது ஒரு காரணம். மாத்திரையை ஐந்தாண்டுக்கு மேல் நீட்டலாமா என்ற கேள்விக்கு பிசிஐ என்ற சோதனை தனியாக இருக்கிறது. ஒரே கட்டிக்கு இரண்டு சோதனை செய்து ஒப்பிடும் ஆசை மட்டும் வேண்டாம். அவை ஒத்துப்போகாத நேரங்கள் நிறைய. அப்போது எதை நம்புவது என்ற புதுக் கேள்விதான் மிஞ்சும்.

ட்ரிப்பிள் நெகட்டிவ் (இஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் இல்லாதது), ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் இந்தச் சோதனை வேண்டாம். நான்கோ அதற்கு மேலோ கணுக்களில் பரவியிருந்தாலும், எந்த எண் வந்தாலும் கீமோ எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டவர் என்றாலும் வேண்டாம். படிவம் நிரப்பும்போது கணு எண்ணிக்கையைச் சரியாக எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் எந்த அபாய அட்டவணை ரிப்போர்ட்டில் அச்சாகும் என்பது முடிவாகிறது.