ஆய்வரங்கா, திறந்த நாளா? திருகோணமலைக்கு எது பொருந்தும்

வருடத்துக்கு ஒரு பெரிய ஆய்வு நிகழ்வு நடத்தத்தான் ஒரு வளாகத்துக்குப் பணமும் ஆளும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர்கள் தங்களுக்குள் கூடும் ஆய்வரங்கை நடத்துவதா, அல்லது ஊரையே உள்ளே கூப்பிட்டு ஆய்வைக் காட்டும் திறந்த நாளை நடத்துவதா? இதைத் திருகோணமலையை வைத்தே அலசுகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் வளாகமானது. அது இருக்கும் கோணேசபுரியிலிருந்து நிலாவெளி வீதியில் கொஞ்சத் தூரம் போனாலே ஆய்வு செய்ய வேண்டிய விஷயமும், அந்த ஆய்வு யாருக்குத் தேவையோ அந்த மனிதர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். உப்பளம், கரைவலை இழுக்கிறவர்கள், வெங்காயத் தோட்டம், புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிறவர்கள். இப்படி ஒரு இடம் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் வாய்க்காது.

முதலில் ஆய்வரங்கு. நான்கைந்து மாதம் முன்பே ஆய்வுச் சுருக்கம் கேட்டு அறிவித்தல் போகும். 250, 300 சொல்லில் சுருக்கங்கள் வரும். எழுதியவரின் பெயரை மறைத்து மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவார்கள். தேறியவை பேச்சாகவோ போஸ்டராகவோ மேடைக்கு வரும். பேச்சென்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பிறகு சில நிமிடம் கேள்வி. எல்லாம் முடிந்த பிறகு சுருக்கங்கள் ஒரு தொகுப்பாக வெளிவரும். இதில் உண்மையான பெறுமதி இருப்பது இரண்டே இடத்தில் என்று நான் நினைக்கிறேன்: பெயர் மறைத்த அந்த மதிப்பீடு, அப்புறம் அந்தச் சில நிமிடக் கேள்வி. இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் ஆய்வை முன்வைக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்தோ பேராதனையிலிருந்தோ வந்த, அவளை முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து, எத்தனை இடத்தில் மாதிரி எடுத்தீர்கள், ஏன் அந்த மாதத்தில் எடுத்தீர்கள், மழைக்காலத்தில் எடுத்திருந்தால் இதே முடிவு வருமா என்று கேட்கிறார். தன் மேற்பார்வையாளரிடம் இரண்டு வருடம் கதைத்தும் கிடைக்காதது அந்த ஒரு கேள்வியில் கிடைக்கும். திறந்த நாளில் இது நடக்காது, அங்கே கூட்டம் அதற்காக வருவதில்லை.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரைகள், ஆதாரசுருதி உரை, நினைவுச்சின்னம் வழங்கல் என்று முற்பகல் முழுவதும் போய்விட்டால், மிஞ்சும் பிற்பகலில் எல்லாப் பேச்சுகளையும் நான்கைந்து அறைகளில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டிவருகிறது. ஒவ்வொரு அறையிலும் அங்கே பேச வந்தவர்கள் மட்டும் இருப்பார்கள், தன் பேச்சு முடிந்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்கள். நேரம் போதாமல் முதலில் வெட்டப்படுவது கேள்வி நேரம். அதாவது ஆய்வரங்கின் உயிர் எதுவோ அதையே வெட்டிவிட்டு மேடைச் சடங்கைக் காப்பாற்றுகிறோம். இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் இல்லை, நம்முடைய பக்கம் பரவலாக ஊறிப்போன பழக்கம், மாற்றவும் கூடியது.

போஸ்டருக்கும் இதே கதி. ஏ0 தாள் 841க்கு 1189 மில்லிமீற்றர், நல்ல பெரிய இடம். அதில் முழு ஆய்வையும் பொடி எழுத்தில் ஒட்டிவிட்டு நிற்கிறார்கள். மைக் மொரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் 2019இல் ஒரு மாற்று வடிவத்தைப் பரப்பினார்: நடுவில் பெரிய எழுத்தில் கண்டுபிடித்தது என்ன என்று சாதாரண மொழியில் ஒரே வசனம், விவரமெல்லாம் ஓரத்தில். காசு செலவில்லாத மாற்றம் இது. நாளைக்கே செய்யலாம்.

இனித் திறந்த நாள். ஆய்வுகூடக் கதவைத் திறந்து, பாடசாலைப் பிள்ளைகளையும் ஊராட்களையும் உள்ளே விட்டு, நுணுக்குக்காட்டியில் கடல்நீர்த் துளியைக் காட்டி, சித்த மருத்துவ பீடத்தின் மூலிகைகளை மேசையில் பரப்பி, விளக்கம் சொல்ல மாணவர்களை நிறுத்தும் நிகழ்வு. ஐரோப்பாவில் 2005இலிருந்து வருடாவருடம், வழக்கமாகச் செப்டெம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, ஆய்வாளர்களின் இரவு என்று நூற்றுக்கணக்கான நகரங்களில் இதையே செய்கிறார்கள். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வரும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, பல்கலைக்கழகம் என்பது உயர்தரப் புள்ளி மட்டும் இல்லை, அங்கே இருக்கிறவர்கள் தன் ஊரைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள் என்று அந்த ஒரு நாளில் தெரிந்துவிட்டால் அதற்கு விலையே இல்லை. நம் கரைக்கு அப்பால் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாயிலுக்குக் கிட்டவே வருகிறது, நீலத்திமிங்கிலங்களைக் கரையிலிருந்து அவ்வளவு தூரம் போகாமலே பார்க்க முடிகிறது. இதெல்லாம் உல்லாசப் பயணிக்குத் தெரிகிறது, நம் பிள்ளைக்குத் தெரிவதில்லை என்றால் அது சரியில்லை.

திறந்த நாளின் பலவீனமும் இருக்கிறது. கூட்டம் பார்க்கும், போகும். ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிற்பார்கள், பின்னால் வரிசை தள்ளும். விளக்கம் சொல்லும் மாணவர் ஒரே வசனத்தை நாள் முழுக்கத் திருப்பிச் சொல்லித் தொண்டை கட்டிப்போவார். எழுத்தில் எதுவும் மிஞ்சாது. விரிவுரையாளருக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் ஆய்வரங்குக் கட்டுரை எடுத்துத் தரும் புள்ளியை இது எடுத்துத் தராது, அதனால் இளம் விரிவுரையாளர்கள் இதற்கு ஒதுங்கி நிற்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. முப்பது நோயாளிகளை வைத்துச் செய்த நீரிழிவு மூலிகை ஆய்வொன்று என்று வையுங்கள். ஆய்வரங்கில் இதை வைத்தால் முப்பது பேர் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு எங்கே என்று யாராவது கேட்பார்கள், மாணவர் குறித்துக்கொள்வார், அடுத்த கட்டம் நடக்கும். அதே ஆய்வைத் திறந்த நாளில், ஒரு பல்கலைக்கழகப் பதாகையின் கீழ், வெள்ளை அங்கி போட்ட ஒருவர் சொன்னால், கேட்கிறவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்க் குளிசையை நிறுத்திவிடலாம். சித்த மருத்துவத்தில் எனக்குள்ள மதிப்பால்தான் இதைச் சொல்கிறேன். மதிப்பீட்டைத் தாண்டாத மருத்துவ முடிவு எதுவும் பொதுமக்கள் மேசைக்கு வரவே கூடாது.

சரி, இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் நடத்தினால் என்ன? பலர் சொல்லும் தீர்வு இதுதான், எனக்கு மூன்றிலும் மோசமாகத் தெரிவதும் இதுதான். மண்டபத்தில் ஆய்வரங்கு, வெளியே கண்காட்சி. மாணவர்கள் அங்கேயும் இங்கேயும் ஓடுவார்கள், பேராசிரியர்கள் விருந்தினரைக் கவனிப்பார்கள், பாடசாலைப் பிள்ளைகள் புரியாத மொழியில் நடக்கும் தொடக்க விழாவில் கதிரையை நிரப்ப உட்கார வைக்கப்படுவார்கள்.

நம் மக்களுக்கு ஆய்வில் ஆர்வமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964இல் உருவாக்கிய உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியது, 1968இல் சென்னையில் அது ஊர்வலமும் சிலைகளுமாக நகரமே கூடிய விழாவானது, 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது மாநாடு நடந்தபோது மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கடைசி நாளான ஜனவரி 10 அன்று அந்தக் கூட்டத்தில் உயிர்கள் பறிபோன துயரத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் அன்று அங்கே அத்தனை பேர் போனது ஒரு ஆராய்ச்சி மாநாட்டுக்கு என்பதையும் மறக்கக் கூடாது. தங்களைப் பற்றிய, தங்கள் மொழியில் பேசும் ஆய்வென்றால் ஆட்கள் வருவார்கள்.

இடையில் நிற்கும் சிறு வடிவங்களையும் பார்த்துவிடலாம். மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி 2008இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வரட்சி, குளிக்கும் நேரத்தைக் குறைக்க வீடுகளில் மூன்று நிமிட மணற்கடிகை வைத்திருந்தார்கள், யோசனை அதிலிருந்து பிறந்தது. ஒரே ஒரு அசையாத ஸ்லைட், மூன்று நிமிடம், துறை தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும். மாணவருக்கு அருமையான பயிற்சி, செலவும் குறைவு. கேட்கிறவருக்கு வாய் திறக்க இடமில்லை என்பது குறை.

விஞ்ஞானக் கஃபே என்பது இதற்கு நேர் எதிர். 1998இல் இங்கிலாந்தின் லீட்ஸில் ஆரம்பித்த வகை: ஒரு ஆய்வாளர் வருவார், ஸ்லைட் எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் பேசுவார், பிறகு தேத்தண்ணி இடைவேளை, அதன் பிறகு இருக்கும் நேரம் முழுவதும் கேட்கிறவர்களுக்கு. எனக்கு நம் பக்கத்துக்கு மிகப் பொருத்தமாகப் படுவது இது. புறாமலை 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், அதன் முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைகளைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிலாவெளியில் ஒரு மீன்வாடியிலோ சனசமூக நிலையத்திலோ உட்கார்ந்து இருபது நிமிடம் பேசட்டும். படகோட்டி ஒருவர், எந்தப் பக்கம் எந்த வருடம் வெளுத்தது, நங்கூரம் எங்கே போடுகிறார்கள், முன்பு எந்த மீன் அங்கே நின்றது என்று சொல்வார். அது எந்த மதிப்பீட்டாளரிடமும் இல்லாத தகவல். திறந்த நாளில் இதே படகோட்டி வந்திருந்தால் அவர் வெறும் பார்வையாளர். இங்கே அவர் ஆய்வுக்குள் இருக்கிறார். நான் ஒரு நிகழ்வை அளப்பது இதை வைத்துத்தான்: கேள்வி கேட்கும் உரிமை யாருக்குக் கிடைத்தது, கேட்க எவ்வளவு நேரம் கிடைத்தது.

செலவில் பெரிய வித்தியாசம். சர்வதேச ஆய்வரங்கு என்று பெயர் வைத்துவிட்டால் விருந்தினர் தங்குமிடம், கோப்புறை, பை, மதிய உணவு, அச்சு என்று ஏறிக்கொண்டே போகும், அதை ஈடுகட்டப் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், கட்டணம் கட்ட முடியாத மாணவர் சுருக்கமே அனுப்ப மாட்டார். திறந்த நாளுக்கு முக்கியச் செலவு பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ். கஃபே வகைக்குத் தேத்தண்ணிச் செலவும் ஒரு ஓட்டோவும்.

ஆகவே என் தெரிவு இது. ஆய்வரங்கை விட வேண்டாம், சிறிதாக்குங்கள். ஒரு நாள், இரண்டு அறை, கட்டணம் இல்லை, விளக்கேற்றி அரைமணிக்குள் முதல் பேச்சு, ஒவ்வொரு பேச்சுக்கும் பத்து நிமிடக் கேள்வி, இறுதியாண்டு மாணவர்களுக்கு முதலிடம், தூரத்து மதிப்பீட்டாளர்கள் சூமில் வரலாம். அங்கே தேறியதை மட்டும் சில மாதம் கழித்து ஊருக்குள் கொண்டு போங்கள். ஊரை வளாகத்துக்குக் கூப்பிடுவதைவிட வளாகம் ஊருக்குப் போவது நல்லது. திறந்த நாளை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பாடசாலைப் பிள்ளைகளுக்காக மட்டும் வைத்தால் போதும்.

எப்போது போவது என்பது முக்கியம். வளாக நாட்காட்டி பருவத்தைப் பார்ப்பதில்லை. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் நவம்பர், டிசம்பரில் மீனவர்கள் அதிகம் கரையில் நிற்பார்கள், அவர்களுடன் மாலையில் கதைக்க ஏற்ற காலம் அதுதான். ஆனால் 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது, எனவே ஒரு மாற்று நாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மே தொடங்கிப் படகோட்டிகளைப் பிடிக்க முடியாது, உல்லாசப் பயணிகள் காலம். தம்பலகாமம், கந்தளாய் பக்கம் என்றால் கமக்காரர்களைத் தனியாகக் கூட்டவே தேவையில்லை, போகத்துக்கு முன் நடக்கும் செய்கை ஆரம்பக் கூட்டத்தில் அரைமணி கேட்டு வாங்குங்கள், தண்ணீர் திறக்கும் திகதி தீர்மானிக்க எல்லாரும் அங்கே கட்டாயம் வருவார்கள். கிண்ணியாவில் வெள்ளி மதியத்தையும் நோன்பு மாத மாலைகளையும் தவிருங்கள்.

மொழியிலும் தயங்க வேண்டாம். பிரயோக விஞ்ஞான மாணவர் ஆங்கிலத்தில் படித்திருப்பார், தன் ஆய்வைத் தமிழில் சொல்ல முதலில் தடுமாறுவார், இரண்டு ஒத்திகை பார்த்தால் சரியாகிவிடும். சிங்களம் பேசும் ஊர்களுக்கு அந்தந்த மாணவர்களே முன்னால் நிற்கட்டும். நம் வளாகத்தில் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

கடைசியாக ஒரு வேலை, செலவே இல்லாதது. ஊரில் நடக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மாணவர் கேள்விகளை மட்டும் எழுதட்டும், கேட்டவரின் ஊரோடும் தொழிலோடும். அந்தக் கொப்பியை அடுத்த வருடம் இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களிடம் கொடுங்கள், அதில் ஒரு கேள்வியையாவது யாராவது எடுத்தால், முடிவு வந்ததும் கேட்டவரின் வாசலுக்கே போய்ச் சொல்லும் பொறுப்பும் அந்த மாணவருக்கே இருக்கட்டும்.